விதானத்தின் கீழ் தெளியாத சாயநீர்

வாழ்க! மழை தவறாத மணிக்குன்ற நாட்டைக் காத்தருளும் பெருமானடிகளின் திருமுன், சாயக்கரை விசாரணைக்கு ஏவப்பட்ட அமைச்சன் விழுப்பரையன் தலைவணங்கி வரையும் ஓலை. கோயிலும் கோட்டையும் குடிகளும் நலம் பெறுக. அடியேன் உடல் நலமே. புத்திதான் நலமாக இல்லை.

சாயப்பட்டறைக் கழிவால் கீழ்த்துறைக் கிணறுகள் சிவந்தமையால், முழுநிலா நாளுக்குள் அந்நீரைத் தெளியவைக்க வழி காணாவிடில் சாயக்குடிகள் நாற்பதும் நாட்டின் எல்லை கடக்க வேண்டுமெனத் தாங்கள் ஆணையிட்டீர்கள். பட்டறைத் தலைவி சேந்தி, மலையடியில் எடுத்த ஒரு வெண்பொடியைக் கழிவில் கலக்கி வெயிலில் வைத்தால் சாயம் அழியும் என்று விண்ணப்பித்தாள். இரண்டு தொட்டிகளில் ஒரே நீரும் ஒரே அளவு பொடியும் இடுவித்தேன். ஒன்று அவளுடையது. மற்றதில் எவரும் கைவைக்காதபடி தங்கள் இலச்சினையைப் பொறித்தேன். அரச இலச்சினை திறந்த வானத்தின் கீழ் இருத்தல் ஆகாது என்னும் நம் மரபுப்படி, அதன்மேல் மட்டும் பட்டு விதானம் கட்டுவித்தேன்.

மாலைக்குள் அவள் தொட்டி சுனைநீர் ஆயிற்று. தங்கள் தொட்டியோ வெற்றிலை எச்சிலாகச் சிவந்தே நின்றது! பொடியை மாற்றினேன், காவலரையும் மாற்றினேன். மூன்று நாளும் அதே கதைதான். கண்கட்டு வித்தைக்காரி என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். வெயில் பட்டாலன்றிப் பொடி வேலை செய்யாதென்றும், வெயிலை மறைத்துக் கட்டிவிட்டுத் தன்னை ஏசுவது என்ன நியாயமென்றும் அவள் அழுதபடி முறையிட்டாள். வெயிலாவது, சாயத்தைத் தின்பதாவது என்று சிரித்தேன்.

நேற்றுக் காலை காற்றில் விதானம் பறந்தது. உடனே கட்டுங்கள் என்று நான் கத்த, ஒரு பகல் மட்டும் விட்டுவைக்குமாறு இறைஞ்சி அவள் விதானக் காலைக் கட்டிக்கொண்டாள். விட்டேன். பொழுது சாய்வதற்குள் தங்கள் தொட்டியிலும் அடித்தரை தெரிந்தது. கெண்டை ஒன்றை அதில் விட்டேன், இன்றும் நீந்துகிறது. பொடியை வடித்துப் பார்த்தால் வெள்ளையும் மாறவில்லை, எடையும் குறையவில்லை. அப்படியானால் அத்தனை சிவப்பும் எங்கே போயிற்று? சேந்தியைக் கேட்டால், தனக்குக் கலக்கத்தான் தெரியும் என்கிறாள். ஐயோ, எனக்குத் தலை சுற்றுகிறது.

முழுநிலா நாளை. இவ்வோலை தங்கள் கைசேர இரண்டு நாளாகும். ஆகையால், குடிகள் எவரும் எல்லை கடக்க வேண்டா எனவும், கழிவுநீர் யாவும் பொடி கலந்து, திறந்த தொட்டிகளில் வெயில் கண்டு தெளிந்த பின்பே ஆற்றில் இறங்குக எனவும் தங்கள் பெயரால் நானே ஆணையிட்டுவிட்டேன். சேந்தியிடம் மன்னிப்பும் கேட்டேன். என் பதவியைப் பறிப்பதானால் பறித்துக்கொள்ளுங்கள். அந்த ஆணையை மட்டும் மாற்றாதருள்க.

இது விழுப்பரையன் எழுத்து. இலச்சினையும் இட்டேன். மரபுப்படி இவ்வோலையோடு குடைபிடிப்போன் ஒருவன் வர வேண்டும். குடை வேண்டாம், வெயிலிலேயே கொண்டுபோ என்று தூதனுக்குச் சொல்லியிருக்கிறேன்.