டோக்கன் தொலைந்த வழக்கு

ஜூன் 10, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். கார் பழக வர வேண்டிய இரண்டு பேரும் வரவில்லை. நல்லதாகப் போயிற்று, அப்பாவுக்கு டயாலிசிஸ் நாள்.

ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் வழி மறித்து அதே கயிறு, டோக்கன் கொடுக்க அதே மாடசாமி. மணிக்கு நாற்பது ரூபாய். டயாலிசிஸ் நாலு மணி நேரம். அப்பாவைக் கூட்டிக்கொண்டு சினிமாவுக்கா வருகிறேன்? போன மாதம் டோக்கன் தொலைந்ததற்கு ஐநூறு அபராதம் பிடுங்கினார்களே, பாவிகள். அதற்குத்தான் இந்த வழக்கு. கட்டட வரைபடத்தில் அது நோயாளிகளுக்கு விட்ட இடமாம். கான்ட்ராக்ட் எடுத்தவன் காசு வாங்கவே கூடாது என்கிறார் வக்கீல் சங்கரன் அண்ணாச்சி. ஃபீஸ் வேண்டாம் என்றுவிட்டார். ஆனால் நகல், டைப்பிங், நாளைக்கு மதுரை ஹைகோர்ட் வரை போனால் அங்கே வேறு வக்கீல். என் டிரைவிங் ஸ்கூல் வருமானம் தாங்காது.

ஆக, வாட்ஸ்அப்பில் ஒரு நிதிக் குழு. என்னிடம் கார் பழகியவர்கள் எல்லாரும் உள்ளே. வெட்கமாகத்தான் இருந்தது. அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஜூன் 13, வெள்ளி

வெயில். மறுபடி டயாலிசிஸ், மறுபடி கயிறு. குழுவில் வந்தவை:

– "தலைக்கட்டுக்கு எவ்வளவு வரி?" (கோயில் கொடை என்று நினைப்பு.)
– "நோட்டீஸ்ல பேரு போடுவியளா?"
– நூற்றியொன்று. 'மொய். பேட்டை காஜா, குடும்பத்துடன்.'
– குட் மார்னிங் ரோஜாப்பூ, எண்ணவில்லை.

தலையில் அடித்துக்கொண்டேன். ஆனாலும் முப்பது பேருக்கு மேல் போட்டிருக்கிறார்கள். கல்லிடைக்குறிச்சி ராஜாத்தி அக்கா, டெஸ்டில் மூன்று தடவை பெயிலாகி என் உயிரை வாங்கியவர், ஆயிரம். "எங்க மாமியாருக்கும் அங்கனதான் பாத்தோம். விட்ராத செல்வி." அழுகை வந்துவிட்டது.

கேஸ் சிலிண்டர் சொல்ல மறந்தேன்.

ஜூன் 19, வியாழன்

எதிர்த்தரப்பின் பதில் மனு வந்துவிட்டது. கூடவே பென்டிரைவ். வக்கீல் அண்ணாச்சி போட்டுக் காட்டினார். அபராதம் கட்டிய அன்றைய வீடியோ. எவள் இப்படிக் கத்துகிறாள் என்று பார்த்தால், நான்தான். ஐநூறு ரூபாய்த் தாளை மேசையில் விட்டெறிகிறேன்.

"இந்தா, தர்மமா வச்சுக்கோ!"

மனு இங்கிலீஷில். 'அபராதம் எதுவும் வசூலிக்கவில்லை. மனுதாரர் தாமே மனமுவந்து நன்கொடை அளித்தார்' என்று அர்த்தமாம்.

மனமுவந்து! நம்ம ஊரில் யாரிடமாவது 'தர்மமா வச்சுக்கோ' என்று சொல்லிப் பார்க்கட்டும். கை ஓங்கிக்கொண்டு வருவான்.

"சண்டையில சொல்லுத வார்த்தைன்னு நமக்குத் தெரியும். பேப்பர்ல தர்மம்னா தர்மந்தான்" என்றார் அண்ணாச்சி. வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்தார். "சத்தம் தெளிவா இல்ல. நீ அப்படிச் சொல்லவே இல்லன்னு ஒரு வரி எழுதிருவோமா?"

நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இந்த வாய் இருக்கிறதே வாய்.

ஜூன் 20, வெள்ளி

தூக்கமில்லை. சொன்னதைச் சொல்லவில்லை என்று எழுதுவதா? அதுவும் அடுத்தவர் காசில்? அண்ணாச்சிக்குப் போன் போட்டு முடியாது என்றேன். "சரி தாயி" என்றார். குழுவிலும் நடந்ததை அப்படியே எழுதினேன்.

வெளியேறினார். வெளியேறினார். பேட்டை காஜா வெளியேறினார்.

ஒருவர்: "தர்மத்துக்குக் குடுத்த காச திருப்பிக் கேக்கதுக்கு எங்ககிட்ட வசூலா? நல்லாருக்கே!"

ராஜாத்தி அக்கா மட்டும்: "எங்க வீட்டுக்காரரு செலவுக்காச அப்படிச் சொல்லித்தான் எறியுதாரு. அப்போ நான் நன்கொடையா வாங்குதேன்?"

சிரித்தேன். இதை அண்ணாச்சி மனுவில் எழுத முடியாது.

ஜூன் 24, செவ்வாய்

மேகமூட்டம், மழை இல்லை. அப்பாவுக்குக் கால் வீக்கம், மூச்சு வாங்கல்.

பார்க்கிங்கில் புதுப் போர்டு. 'வாகன நிறுத்தம் முற்றிலும் இலவசம். விருப்ப நன்கொடை: கார், மணிக்கு ரூ. 40.'

"விருப்பம் இல்லன்னா?" என்று மாடசாமியிடம் கேட்டேன்.

"கயித்த அவுக்க மாட்டேன்க்கா. அப்படித்தான் சொல்லிருக்காவ. நீங்க சொன்னத வச்சுத்தான் போர்டே எழுதுனாவளாம்."

அங்கே நின்றே அண்ணாச்சிக்குப் போன். போர்டை வாசிக்கச் சொன்னார். பிறகு, "கட்டணமே இல்லன்னு போர்டு வச்சிட்டானே செல்வி. இனி எதை நிறுத்தச் சொல்லிக் கேக்க?"

பின்னால் இரண்டு கார் ஹார்ன். அப்பா பின்சீட்டிலிருந்து, "ஏட்டி, குடுத்துத் தொலையேன். மூச்சு முட்டுது."

நாலு மணி நேரத்துக்கும் சேர்த்து நூற்றறுபது ரூபாயை எடுத்து நீட்டினேன். மாடசாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், நான் கத்தப் போகிறேன் என்று. நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அதையும் போர்டில் எழுதிவிடுவார்கள்.