முன்னால் தள்ளிய சீட்

அன்புள்ள அப்பா,

நம் பழைய காரை வாங்க ஆள் வந்திருந்தார். புது ஸ்போர்ட்ஸ் காரைவிட அதிக விலை சொல்கிறார். "புதுசு நாளைக்கும் வரும். கையால கியர் போடுற இந்த மாடல் இனிமே வராதுங்க. பெயிண்ட்கூடக் கம்பெனி அடிச்சதுதான்!" என்று அதையே சுற்றிச் சுற்றி வந்தார்.

டிரைவர் சீட்டைப் பார்த்ததும்தான் முகம் சுருங்கியது. "யாருங்க இதை முன்னால தள்ளி போல்ட் போட்டது? பழைய இடத்துல மாட்டிக் கொடுங்க, இன்னும் கூடத் தர்றேன்."

ஸ்பேனரோடு உள்ளே உட்கார்ந்தேன். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. அம்மாவின் கால் கிளட்ச்சுக்கு எட்டட்டும் என்று நீங்கள் முடுக்கிய போல்ட். எனக்குக் கை வரவில்லை.

அம்மா போனதிலிருந்து அண்ணன் வீட்டிலேயே இருந்துகொண்டு, 'வித்துடு' என்று போனில் சொல்லிவிட்டீர்கள். முடுக்கியவரே வந்து கழற்றட்டும். வீட்டுச் சாவி பழைய இடத்தில்தான் இருக்கிறது.

உங்கள் மகள்