ஸ்டீயரிங்கில் மாட்டிய செபமாலை

அன்புள்ள மாமா,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சொல்லை அடித்துவிடவில்லை. அன்பு இல்லாமல் இல்லை, இன்றைக்குக் கோபம் அதைவிட அதிகம், அவ்வளவுதான். உங்கள் நினைவுப் பூசையில் ஃபாதர் நல்லதாகப் பேசினார், உப்பளம் தெருவே நல்லதாகப் பேசியது. மிச்சத்தை நான் பேசுகிறேன், கேளுங்கள்.

ரீட்டா பிரீகேஜி போகிறாள். தினமும் உங்கள் படத்துக்கு முன்னால் நின்று, "தாத்தா ஏன் சிரிக்கிறாரு?" என்று கேட்கிறாள். எனக்கும் அதுதான் தெரியவேண்டும் மாமா. எங்கள் தலையில் ஒரு படகை ஏற்றி வைத்துவிட்டு எதற்காகச் சிரிக்கிறீர்கள்?

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த காலத்தில் ஏதோ ஓர் ஏரியில் பார்த்தீர்களாம். பின்னால் அலையை எழுப்பிக்கொண்டு ஒரு படகு போகும். அதன் கயிற்றைப் பிடித்தபடி, காலில் பலகை மாட்டிய பையன்கள் அந்த அலைமேல் சறுக்கிக்கொண்டு வருவார்கள். நாங்கள் சாப்பிட உட்கார்ந்தாலே அந்த ஏரி வந்துவிடும். உங்கள் பிள்ளை அருள் ஒரு ரிசார்ட்டில் படகு ஓட்டுகிறவர். அடுத்தவன் படகிலேயே அவருடைய முதுகு கருத்துப்போய்விட்டது. அவருக்குச் சொந்தமாக ஒன்று வேண்டும் என்று நீங்கள் ஆசைப்பட்டதில் தப்பில்லை. ஆசையோடு நிறுத்தியிருக்கலாம் இல்லையா?

பிடித்த பொருளைப் பார்த்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று இந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். தட்டிக் கொடுத்து "செ போன்" என்று பிரெஞ்சில் மெச்சுவீர்கள். சட்டைப் பையிலிருந்து செபமாலையை எடுத்து அதன்மேல் ஒருமுறை வைத்து எடுப்பீர்கள். ஃபிரிட்ஜுக்கும் அதுதான், என் ஸ்கூட்டருக்கும் அதுதான். இந்தப் படகில் மட்டும் வைத்தீர்கள், எடுக்கவில்லை. ஸ்டீயரிங்கில் மாட்டி, "இது என் பையனுக்கு" என்று விற்கிறவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தீர்கள். அடுத்த வாரம் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூச்சு வாங்கிக்கொண்டே மகனிடம் என்ன சொன்னீர்கள்? "படக வுட்டுடாத." என்னையோ பேத்தியையோ பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

அந்தப் படகு தண்ணீரில் மிதந்ததை ஒருநாளாவது பார்த்தீர்களா? டிரெய்லர்மேல் பளபளவென்று நின்றதைப் பார்த்தீர்கள். அதுவே உங்களுக்குப் போதும்.

அருளிடம் எத்தனையோ தடவை சொன்னேன். பழைய படகு, முதலில் நன்றாகப் பார்க்கலாம் என்றேன். "அப்பா வாக்குக் குடுத்துட்டாரு ஸ்டெல்லா, அதுல பாக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றார். பாரிசிலிருந்து உங்கள் மகள் போன் போட்டு, "அப்பா ஆசைய கெடுத்துடாதீங்க அண்ணி" என்று அழுதாள். அவளா அதில் ஏறப்போகிறாள்? ஏறப்போவது என் புருஷன். லீவு விட்டால் ரீட்டாவும் ஏறுவாள். முன்பின் தெரியாதவர்களின் பிள்ளைகளும் ஏறுவார்கள். எனக்கோ நீச்சல் தெரியாது. ரீட்டா தொட்டியில் குளித்தாலே கதவோரம் நிற்கிறவள் நான். அவள் தூங்கிய பிறகு, பழைய படகு வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். அருள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் ரீட்டாவையும் ஏற்றிக்கொண்டு என் ஸ்கூட்டரிலேயே மேட்டுப்பாளையம் போனோம். படகுக்காரர் தனசேகர் ஷெட் வாசலிலேயே நின்றிருந்தார். நான் முதலில் எஞ்சின் மூடியில் கை வைத்தேன். சுட்டது.

"காலைல சும்மா ஒருவாட்டி ஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன் மேடம்."

"நாங்க வர்றோம்னு தெரிஞ்சுமா?"

"நீங்க வர்றீங்கன்னுதான்."

ஆறிக்கிடக்கும் எஞ்சினைக் கிளப்பும்போதுதான் அதன் சீக்கு தெரியும். சூடாக்கி வைத்துவிட்டால் எந்தக் கிழட்டு எஞ்சினும் சமர்த்தாகக் கிளம்பும். நான் இதைச் சொன்னதும் அவர் அருளைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, வூட்ல நீங்க ஓட்றீங்களா, அவங்க ஓட்றாங்களா?" அருளும் சிரித்தார் மாமா. உங்கள் பிள்ளைதானே.

உங்கள் செபமாலை ஸ்டீயரிங்கில் அப்படியே தொங்கியது, மணிகளின்மேல் தூசி படிந்து. அதைக் கண்டதும் அருளின் முகம் மாறிவிட்டது. கேள்வி கேட்கத்தான் வந்தோம் என்பதே அவருக்கு மறந்து போயிற்று. தனசேகர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். "எத்தினியோ பேரு வந்து கேட்டாங்க தம்பி. பெரியவரு மாலைய மாட்டிட்டுப் போயிருக்காரு, நான் எப்பிடி அடுத்தவனுக்குக் குடுப்பேன்?"

நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறினேன். தரை முழுக்கப் பச்சைக் கார்ப்பெட், புல் மாதிரி. பின்சீட்டுக்கு முன்னால் கால் வைத்த இடத்தில் குதிகால் மெல்ல உள்ளே போய் வந்தது. பழைய மெத்தையை மிதித்த மாதிரி இருந்தது. குனிந்து கார்ப்பெட்டின் ஓரத்தைப் பிடித்தேன்.

"ஏம்மா, அத ஏன் பிக்கிறீங்க? புதுசா ஒட்டனது."

"அதனாலதான் பிக்கிறேன்."

கீழே வரிசையாகத் துளைகள். சுற்றுலாக்காரர்களைக் கூடுதலாக ஏற்றுவதற்குத் தரையில் துளை போட்டு நாற்காலிகளை முடுக்கியிருக்கிறார்கள். விற்பதற்கு முன்பு நாற்காலிகளைக் கழற்றினார்கள், துளைகளை அப்படியே விட்டுவிட்டுப் புல் போர்த்தினார்கள். உப்புத் தண்ணீர் அந்தத் துளைகள் வழியாக இறங்கி, அடியில் படகைத் தாங்குகிற மரச்சட்டங்களைத் தின்றுவிட்டது. ஸ்கூட்டர் சாவியை ஒரு துளையில் விட்டேன். தேநீரில் ஊறிய ரஸ்க் மாதிரி கறுப்பாக மரம் வந்தது. நாற்றம் வேறு.

"அது மேல்மரம் மேடம். ஒரு பட்டி போட்டா சரியாப் பூடும்."

அருள் ஏறி வந்து பார்த்தார். சாவி நுனியில் இருந்ததை விரலால் தொட்டு நசுக்கினார். அப்போதும் என்ன சொன்னார் தெரியுமா? "செலவு பண்ணி மாத்திக்கலாம் ஸ்டெல்லா. அப்பா சொன்ன வார்த்தைய எப்பிடி...?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, சத்தம் போடாமல்தான் சொன்னேன். "சரி, வாங்கிக்கலாம். பாப்பாவத் தூக்கி இந்த சீட்ல உக்கார வைங்க. தண்ணியில கூட இல்ல, தரையிலதான் நிக்குது. உக்கார வைங்க, நான் போட்டோ எடுத்து பாரிசுக்கு அனுப்பறேன்."

அருள் கீழே இறங்கி ரீட்டாவைத் தூக்கினார். அவள் சந்தோஷமாகக் கை நீட்டினாள். படகின் விளிம்பு வரை கொண்டு வந்தார். அங்கேயே நின்றுவிட்டார். பிள்ளையின் கால்கள் படகுக்குள் தொங்கின. தரையில் படவிடவில்லை.

"என்னா தம்பி, செத்துப்போன மனுசன் வாக்கு. யோசிச்சுக்கோங்க" என்றார் தனசேகர்.

நான் கீழே இறங்கியதும் அருள் ரீட்டாவை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "எங்கப்பாகிட்ட இந்தக் கார்ப்பெட்ட தூக்கிக் காட்டினீங்களாண்ணே?"

"அவரு கேக்கல."

"கேக்காதவர்கிட்ட வாங்குன வாக்க, கேட்டுட்டு நிக்கிறவங்ககிட்ட காட்டாதீங்க."

கையை நீட்டி ஸ்டீயரிங்கிலிருந்து உங்கள் மாலையை அவரேதான் எடுத்தார் மாமா. நான் தொடவில்லை. யார் கேட்டாலும் அதைச் சொல்வேன்.

அன்றிலிருந்து அருள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறார். தப்பான படகை வாங்காமல் விட்டதற்கு இந்த வீட்டில் துக்கம் நடக்கிறது. உங்களைக் குறை சொல்ல முடியாத பிள்ளை வேறு யாரைக் குறை சொல்வார்? என்னைத்தான். பரவாயில்லை, கோபமாகவாவது வீட்டில் இருக்கிறார். உங்களுக்கு அவர்மேல் அத்தனை பாசம் இருந்ததே, ஒருமுறை குனிந்து பார்க்கத் தோன்றவில்லையா? அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.

மாலையைக் கழுவி உங்கள் படத்தில் மாட்டியிருக்கிறேன். படகு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அருளுக்கென்று ஒன்று வரும். எஞ்சின் ஆறியிருக்கும்போது போவோம், தரையைத் தட்டிப் பார்ப்போம், தண்ணீரில் இறக்கி ஓட்டிவிட்டு அடியில் ஈரம் இருக்கிறதா என்று கை விட்டுப் பார்ப்பேன். அதற்கப்புறம் மாலையை நானே கொண்டுபோய் ஸ்டீயரிங்கில் மாட்டுகிறேன். இது என் வாக்கு. பார்த்துவிட்டுக் கொடுக்கப்போகிற வாக்கு.

அதுவரை உங்கள் பிள்ளையின் கனவில் வந்து எதையும் வாங்கச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் பேத்தியின் அம்மா, உங்கள் வாக்கைத் திருப்பி வாங்கிய மருமகள்,
ஸ்டெல்லா