வலிக்கு இஸ்திரி போட்டு அனுப்பியது

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் சுகம், அத்தை மருந்து சாப்பிட்டுக்கொண்டு சுகம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்குகிறாய் என்று நாங்களே சொல்லிக்கொள்கிறோம். நிற்க. கூடத்துச் சுவர்க் கடிகாரத்தை இறக்கி, போர்வை சுற்றி அலமாரிக்குள் வைப்பது என்று நம் வீட்டில் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியதை உனக்கு எழுதாமல் இருந்துவிட்டேன். முன்மொழிந்தவன் நான், வழிமொழிந்தவனும் நான், அம்மா எதிர்ப்புத் தெரிவிக்காமல் அடுப்படிக்குப் போனாள். நீ கேட்ட குரல் பதிவில் டிக் டிக் சத்தம் விழுந்துவிடக் கூடாதே என்றுதான். அந்தப் பதிவைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன், போனில் சொல்ல வாய் வரவில்லை.

உனக்கு என்ன வேலை என்று கேட்டவர்களிடம் ரொம்ப நாள் கம்ப்யூட்டர் என்று மட்டும் சொல்லித் தப்பித்தேன். பிறகு நீயே உட்காரவைத்து விளக்கினாய், மொழித் தொழில்நுட்பம் என்பது ஒரே வேலை இல்லை, பேச்சைக் கேட்டு எழுத்தாக்குவது, எழுத்தை வாசித்துக் காட்டுவது, ஒரு மொழியை இன்னொன்றாக மாற்றுவது, கேட்டதற்குப் பதில் சொல்வது எல்லாம் சேர்ந்தது, இயந்திரத்துக்குச் சொந்தமாக ஒரு வார்த்தையும் தெரியாது, மனிதர்கள் பேசினதை மலை மலையாகக் கேட்டுத்தான் பழகும், பெரிய மொழிகளுக்கு மலை இருக்கிறது நமக்கு மண்மேடுதான் என்றாய். நான் அதைச் சலூனில் பாதி முகம் சவரமான நிலையில் சொற்பொழிவாகவே ஆற்றினேன். ஆஸ்பத்திரி போனில் நோயாளி சொல்வதைக் கேட்டு டாக்டரைப் பார்க்க நேரம் கொடுக்கும் இயந்திரம் வரப்போகிறது, அதற்காக நம் குடியிருப்பில் எல்லோரையும் உடம்புக்கு என்ன என்று அவரவர் பேசுகிறபடியே பேசவைத்து அனுப்புங்கள் என்று கேட்டாய். பேசுகிறபடியே என்பதை அழுத்திச் சொன்னாய், நான்தான் அழுத்திக் கேட்டுக்கொள்ளவில்லை.

வாழ்நாளெல்லாம் வானொலியில் செய்தி வாசித்தவனுக்கு மைக் முன்னால் வாய்க்கு வந்தபடி பேசுவது பனியனோடு கல்யாண மேடை ஏறுகிற மாதிரி. அது சாக்கு. உன் ஆபீசில் படித்தவர்கள் உட்கார்ந்து கேட்பார்களே, இவள் வீட்டில் இப்படியா பேசுவார்கள் என்று நினைப்பார்களே என்று நம் ஆட்களின் பேச்சை நினைத்து வெட்கப்பட்டேன் என்பதுதான் உண்மை. ஆளுக்கொரு தாளில் எழுதிக் கொடுத்தேன். முட்டி கழண்டு வருது என்கிற அம்மாவுக்கு முழங்காலில் கடும் வலி நிலவுகிறது என்று எழுதினேன், நிலவுறதுக்கு இது என்ன வானிலையா என்றாள். மாடி வீட்டுப் பஸ் டிரைவர், வயிறு கடமுடாங்குதுன்னாத்தான் சார் டாக்டருக்கே புரியும் என்றார், அவரைச் செரிமானக் கோளாறு என்று சொல்லப் பழக்கினேன். தையல் கடையிலிருந்து கழுத்தில் டேப்போடு வந்த அத்தை, நெஞ்சுல சுருக்குனு குத்துதுன்னு சொன்னா என்ன, வலிக்குக்கூட இஸ்திரி போட்டுத்தான் அனுப்பணுமாண்ணே என்றாள், சொல்லிவிட்டு நான் எழுதியதையே படித்தாள். மற்ற இடங்களிலிருந்து அதிகம் வரவில்லை, முக்கால்வாசி நீங்கள் அனுப்பியதுதான், தெளிவு என்றால் தெளிவு என்று நீ பாராட்டினாய். அதையும் சலூனில் சொன்னேன்.

அத்தை ஆஸ்பத்திரிக்குப் போனது உனக்குத் தெரியும், போன விதம் தெரியாது. கடையில் தைத்துக்கொண்டிருக்கும்போது வலி வந்து, ஆஸ்பத்திரியில் இப்போது வைத்துவிட்ட அந்த இயந்திரத்துக்குத்தான் போன் போட்டிருக்கிறாள். சுருக்குனு குத்துது என்றிருக்கிறாள், புரியவில்லை மீண்டும் கூறவும் என்றதாம். படபடங்குது, கை மரத்துப்போவுது என்றதற்கும் அதே பதில். செத்தாத்தான் புரியுமா என்று கேட்டிருக்கிறாள், அதையும் மீண்டும் கூறச் சொல்லியிருக்கிறது. பக்கத்துக் கடை சாவிக்காரர் ஓடிவந்து என்னைக் கூட்டிப்போனார். நான் போனை வாங்கி என் பழைய குரலில், எனது சகோதரிக்கு மார்புப் பகுதியில் வலி ஏற்பட்டுள்ளது என்றேன். மறு நொடியே அவசரப் பிரிவுக்கு வரச் சொன்னது. உன்னிடம் மறைப்பானேன், அந்த ஒரு நொடி எனக்குப் பெருமையாக இருந்தது. அத்தை தையல் மிஷின்மேல் தலை சாய்த்துக் கிடந்தாள். டாக்டர், இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார்.

நம் ஆட்கள் பேசுவது இயந்திரத்துக்கு ஏறவில்லை, காரணம் தெரியவில்லை, பொறுப்பு என் தலையில், வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள் போலிருக்கிறது என்று போன ஞாயிறு அம்மாவிடம் அழுதாயாம். காரணம் நான்தான் பாப்பா. இந்தக் கடிதத்தை அப்படியே உன் மேலதிகாரியிடம் காட்டு. அவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் உங்கள் இயந்திரத்தையே மொழிபெயர்க்கச் சொல், இந்தத் தமிழ் அதற்கு நன்றாகப் புரியும். புதிதாகப் பதிவு நடக்கிறது, டிரைவர் தன் டிப்போ ஆட்களையெல்லாம் கூட்டிவருகிறார், வந்தவர்கள் வயிறு, முதுகு, மாமியார் என்று ஒன்றுவிடாமல் சொல்கிறார்கள், அம்மா போனைப் பிடித்துக்கொள்கிறாள், என்னைப் பால்கனியில் உட்காரச் சொல்லிவிட்டாள்.

யார் முன்னாலும் நீ தலை குனியாமல் இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் ஆசீர்வதிக்கிறோம், தலை குனிய இங்கே நான் இருக்கிறேன். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. பழைய பதிவுகளை முதலில் அழித்துவிடு, மறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு. அத்தை புதுப் பதிவுக்கு வரவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் கேட்டால், தற்போது நலமாக இருக்கிறேன் என்கிறாள்.