பை கனம் என்றுதான் சொன்னேன்

அன்புள்ள மகனுக்கு,

அந்தக் கேமராதான் உன் அப்பாவைக் கொண்டுபோய்விட்டது என்று நான் சொன்னதாக உன் அத்தை எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவருடைய பையை என் கையில் கொடுத்தார்கள். "பை கனமா இருக்கு" என்றேன். அவ்வளவுதான். இரண்டும் வேறு வேறு வாக்கியம். கேட்டதைக் கேட்டபடி திருப்பிச் சொல்லாதவளை எங்கள் கான்வென்ட்டில் சிஸ்டர் பெஞ்சுமேல் ஏற்றிவிடுவார். உன் அத்தை அந்தப் பள்ளியில் படிக்கவில்லை.

அவள் பேச்சு உன் காதுக்கும் வந்திருக்கிறது. அப்பா இறந்த வாரமே ஊரைவிட்டுக் கிளம்பியவன், பிறகு வரவும் இல்லை, எழுதவும் இல்லை. அது நீ முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த கேமரா. அன்று மலை ஏற்றத்தில், நான் தூக்கி வருகிறேன் என்று நீ எத்தனை முறை கேட்டிருந்தாலும் உன்னிடம் தந்திருக்கமாட்டார் என்று எனக்குத் தெரியாதா? என்னை அதைத் துடைக்கக்கூட விட்டதில்லை. டாக்டரிடம் நேராகவே கேட்டேன். "வெறும் குடைய எடுத்துட்டுப் போயிருந்தாலும் இதேதாம்மா நடந்திருக்கும். இதயம் அவ்ளோ பலவீனமா இருந்திருக்கு" என்றார்.

இப்போது புது வதந்தி ஒன்று கிளம்பியிருக்கிறது. எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதாம், இந்த வயதில் கேமரா வாங்கிக்கொண்டு மலையேறப் போகிறேனாம். கேமரா வாங்குவது உண்மை. போவதும் உண்மை. மற்றது பொய். மலைப்பாதையில் அவர் கடைசியாக உட்கார்ந்த அந்த வளைவை நீ பார்த்திருக்கிறாய். அவரைத் தூக்கி வந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். நான் மட்டும் பார்க்கவில்லை. பார்த்து, ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். தினமும் காலையில் நடந்து பழகுகிறேன். முழங்கால் ஒத்துழைக்கிறது, இடது தோள்தான் முறைத்துக்கொள்கிறது. அதனால் எடை குறைந்ததாகத் தேடுகிறேன்.

கடையில் இருந்த பெண், "உங்களுக்கு எதுக்குப் பாட்டி இதெல்லாம், போன்லயே எடுத்துக்கலாமே" என்றாள். நீ என் பேத்தி இல்லை, மேடம் என்றால் போதும் என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இரண்டு மேடம் போட்டாள். பொறுத்துக்கொண்டேன். போனில் பத்துப் பேருடைய காலை வணக்கத்தைத் தள்ளிவிட்டுக் கேமராவைக் கண்டுபிடிப்பதற்குள் மேகம் வந்து மலையையே மூடிவிடும்.

கடைசியில் இரண்டில் வந்து நிற்கிறது. ஒன்று உள்ளங்கையில் அடங்குகிறது, மழையில் நனைந்தாலும் கெடாதாம். ஆனால் வெயிலில் அதன் திரை என் முகத்தையே எனக்குக் காட்டுகிறது. மற்றதில் கண்ணை வைத்துப் பார்க்க ஒரு துளை இருக்கிறது, எல்லாம் துல்லியமாகத் தெரிகிறது. என்ன, கொஞ்சம் கனம். ஒவ்வொன்றையும் கைப்பையில் போட்டுக்கொண்டு கடையின் மாடிப்படி ஏறி இறங்கினேன். திருடிக்கொண்டு ஓடுகிறேன் என்று நினைத்துக் காவலாளி பின்னாலேயே வந்தான். பாவம், அவனுக்குத்தான் மூச்சு வாங்கியது.

கூடவே கொண்டுபோயிருந்த அப்பாவின் பழைய கேமராவைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வதாகச் சொன்னாள் அந்தப் பெண். கொடுக்கமாட்டேன் என்றேன். சார்ஜ் மட்டும் போடச் சொல்லி, அதிலிருந்த கடைசிப் படத்தைப் பார்த்தேன். நீ பாறையில் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டுகிறாய். பின்னால் ஏரி. தண்ணீரின் விளிம்பு அடிஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தது போல் நேராக இருக்கிறது. சுமை தாங்காமல் திணறிய கை எடுத்த படம் இல்லை அது. வெகுநேரம் நின்றுவிட்டேன் போலிருக்கிறது. அவள் நாற்காலி கொண்டுவந்து போட்டு, "உக்காருங்க பாட்டி" என்றாள். நான் திருத்தவில்லை.

என் கணக்கு இதுதான். தனியாகப் போகிறவளுக்குச் சின்னது போதும். ஏற்றத்தில் வாங்கி மாட்டிக்கொள்ளப் பக்கத்தில் ஒரு தோள் இருக்குமானால், துளை வைத்ததை வாங்கலாம்.

மழை விட்டதும் பாதையைத் திறந்துவிடுவார்கள். வேளைக்குச் சாப்பிடு. நன்றாக இரு. அத்தையிடம் சொல்லி அனுப்பாதே, அவள் மாற்றிச் சொல்லிவிடுவாள். இரண்டில் எதை வாங்கட்டும் என்று உன் கைப்பட ஒரு வரி எழுதிப் போடு.

அம்மா