மூன்றாம் மாடியில் இருக்கும் பெண்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா நேரத்துக்கு மருந்து சாப்பிடுகிறாரா?

அலுவலகத்தில் இப்போது, தங்கள் தெரு பிடித்திருக்கிறதா, எதற்குப் பயப்படுகிறார்கள் என்று மக்களிடம் எழுதி வாங்கிய படிவங்களைக் கணினியில் ஏற்றுகிறேன். நேற்று எங்கள் தெருவின் கட்டு வந்தது.

"யாரும்மா உங்க தெருத் திருடன்? பாத்துச் சொல்லு" என்று பக்கத்து மேசை அக்கா சிரித்தார்.

எங்கள் எதிர் வீட்டுக்காரர்கள் எழுதிய படிவத்தில் இப்படி இருந்தது: "எதிர் வீட்டு மூணாவது மாடியில ஒரு பொண்ணு இருக்கு. தலைய நிமிர்த்தாது, யார்கிட்டயும் பேசாது, எங்களப் பாத்தாலே கதவச் சாத்திக்கும். பிள்ளைங்கள வெளிய விடவே பயமா இருக்கு."

அம்மா, அந்த மாடியில் நான் மட்டும்தான் இருக்கிறேன். அவர்களுக்குப் பயந்துதானே நான் கதவைச் சாத்தினேன்!

"என்ன, ஆள் கெடச்சாச்சா?"

"இல்லக்கா" என்றேன். ஓர் எழுத்தும் மாற்றாமல் ஏற்றிவிட்டேன்.

நீ கவலைப்படாதே, வேலைக்கு ஒன்றும் ஆகாது. ஒன்று மட்டும் எழுது: புது இடத்துக்குப் போனால் அக்கம்பக்கத்தில் முதல் பேச்சை எப்படித் தொடங்குவாய்? எனக்கு அது வரவே மாட்டேன் என்கிறது.

கீழே தெருவில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். அவர்கள் வீட்டுக்குள் போனதும் இறங்கிப்போய் இதைத் தபாலில் போடுகிறேன்.

உன் மகள்