துப்பிய தண்ணீர்

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? இங்கே எல்லாரும் நலம் என்றுதான் அம்மா எழுதச் சொல்வாள். அதனால்தான் அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அடுப்படியில், தண்ணீர்க் குடத்துக்கும் சுவருக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறேன். அப்பா இரவுக் காவலுக்குப் போய்விட்டார். அம்மா உள்ளே புரண்டு புரண்டு படுக்கிறாள். அந்தச் சத்தம் நின்றால் நானும் எழுதுவதை நிறுத்திவிடுகிறேன்.

எதிர்வீட்டு அக்கா லீவு முடிந்து காலையில் உன் கம்பெனி விடுதிக்குத் திரும்புகிறாள். அவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்ல வழியில்லை. நீ கூப்பிட்டால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அம்மா தையல் வேலையை விட்டது முதுகுவலியால் இல்லை, அக்கா. அவளுடைய இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன. வாராவாரம் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். "பெரியவளுக்குத் தெரிஞ்சா மிஷினைப் போட்டது போட்டபடி ஓடி வந்துடுவா. வந்து என்ன பண்ணப்போறா?" என்று சொல்லி அப்பாவிடமும் என்னிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

வேலை நேரத்தில் எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள் என்று டாக்டர் கேட்டார். குடிக்கவே மாட்டேன் என்று அம்மா பரீட்சையில் பாஸானவள் மாதிரி சொன்னாள். டோக்கன் கதையையும் சொன்னாள். உங்கள் கம்பெனியிலும் அப்படித்தானே? ஒரு லைனில் தைக்கிற அத்தனை பேருக்கும் ஒரே டோக்கன். கயிற்றோடு கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் பாத்ரூம் போக வேண்டும். போனவள் வரும்வரை மற்றவர்கள் அடக்கிக்கொண்டு தைக்க வேண்டும். அடிக்கடி எடுப்பவளை "மாலைக்காரி வர்றா, வழிவிடுங்க" என்று கிண்டல் செய்வார்களாம். "என் கழுத்துல அது ஏறினதே இல்ல டாக்டர்" என்றாள் அம்மா. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாதாம். ஆனால் அந்த வெக்கையில் குடிக்காமல், வந்ததை அடக்கி, தொற்று வந்தபோதெல்லாம் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டினால் உடம்பு எப்படித் தாங்கும் என்றார்.

அந்த வித்தையை நமக்கும் அவள்தானே சொல்லித் தந்தாள். பள்ளிக்கூடக் கழிவறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை என்று நீ அழுதபோது, "வாயை நனைச்சுத் துப்பிடு, முழுங்காத. வீட்டுக்கு வந்து குடிச்சுக்கலாம்" என்றாள். நீ எனக்குச் சொல்லித் தந்தாய். கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு யார் தூரமாகத் துப்புவது என்று குழாயடியில் போட்டி வைப்போமே, ஞாபகம் இருக்கிறதா? நீதான் எப்போதும் ஜெயிப்பாய்.

இப்போது அம்மா குடிக்கவே கூடாத மாதிரிதான். உள்ளே போகும் தண்ணீர் வெளியே வராமல் நெஞ்சில் கட்டிக்கொள்ளுமாம். காய்ச்சி ஆறவைத்து, அந்தச் சின்ன நீல டம்ளரில் ஊற்றித் தருகிறேன். ஒரு நாளைக்கு மூன்று தடவைதான். மதியத்துக்குள் தீர்ந்துவிடும். அப்புறம் குடத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். நேற்று "ஒரே ஒரு வாய்டி" என்று கேட்டாள். பெற்ற தாய்க்குத் தண்ணீர் இல்லை என்று சொன்னேன், அக்கா. அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நாக்கு ரொம்ப வறண்டால் வாய் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள், முழுங்காதீர்கள் என்று நர்ஸ் சொல்லித் தந்தாள். அம்மா அவ்வளவு சிரித்தாள். "இதை எனக்கா சொல்லித் தர்ற, கண்ணு?" என்றாள். நர்ஸும் சிரித்தாள். நான் வெளியே வந்து நின்றுகொண்டேன்.

எனக்கும் ஒன்றுக்குப் போனால் எரிகிறது. யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் சொன்னதைக் கேட்டபிறகு பள்ளிக்கூடத்தில் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தேன். என் சிநேகிதி வெளியே நின்று கழிவறைக் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அவள் காய்ச்சலில் படுத்துப் பள்ளிக்கூடம் வராமல் போனதிலிருந்து பழையபடி துப்புகிறேன். பரீட்சை முடிந்ததும் அம்மாவின் மிஷினில் என்னை உட்காரவைக்கப் போகிறார்கள். அம்மாவே கம்பெனிக்குப் போய் சூப்பர்வைசரிடம் பேசிவிட்டு வந்தாள். "டோக்கன் பக்கமே போக மாட்டா சார்" என்று சொன்னாளாம்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில், உன்னை எல்லார் முன்னாலும் நிறுத்திக் கைதட்டினார்கள், நீ டோக்கனைத் தொட்டதே இல்லை என்று சந்தோஷமாகச் சொன்னாய். அம்மா "என் வயித்துல பொறந்தவ இல்லையா" என்றாள். போனை வைத்ததும் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் குடிக்கவில்லை. அந்தச் சத்தத்துக்குள் அழுதாள்.

நீ வர வேண்டாம். வந்தாலும் எதுவும் மாறாது என்று எனக்கே தெரிகிறது. டோக்கனை எடுத்தால் உன்னையும் மாலைக்காரி என்பார்கள், வேலையை விட்டு நிறுத்தினாலும் நிறுத்துவார்கள். அதுவும் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய், காய்ச்சின தண்ணீர் இருந்தால் ஒரு டம்ளர் குடி.

துப்பிவிடாதே, அக்கா.

இப்படிக்கு,
உன் சின்னவள்